வாய்க்குப் பாதிப் புள்ளி

ஜேர்மனியில் மாலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. எவ்லின் அங்கே காலையில் படித்தாள். இளவயதில் படிப்பை விட்டவர்களும், வேறு நாட்டில் படித்ததை இங்கே யாரும் ஒப்புக்கொள்ளாதவர்களும், வளர்ந்த பிறகு வந்து பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் போவதற்கான ஏற்பாடு அது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் தொடங்கினார்கள். பிறகு சிறுபிள்ளை வைத்திருக்கும் தாய்மாருக்காகக் காலையிலும் ஒரு வகுப்பு வைத்தார்கள். பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பான் நகரத்தில், மகளைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு, பால்தேநீரின் சூடு வயிற்றில் ஆறுவதற்குள் எவ்லின் மாலைப் பள்ளிக்கு ஓடினாள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சொந்த இடம் மன்னார். அங்கே உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான். பெறுபேறு வந்தபோது அவள் இடம்பெயர்ந்து வேறொரு மாவட்டத்தில், ஒரு மரத்தடியில் இருந்தாள். சேர்டிபிக்கேற் எங்கே போனது என்பது கடவுளுக்கும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கும் வெளிச்சம். கலியாணம் பேசி, ஸ்ரனிஸ்லாஸுக்கு மனைவியாகப் பானில் வந்து இறங்கியபோது அவளிடம் நாலு சேலைகளும் ஒரு செபமாலையும் இருந்தன. படித்தவள் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்பதை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

உயிரியல் அவளுக்குப் பிடித்ததற்குக் காரணம் எளிமையானது. உயிரினங்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கூடுகிறவர்களுக்கு 'பயோ' என்றால் டொக்டர், அவ்வளவுதான். செபக்குழுவை நடத்துகிற மரியரட்ணம் அண்ணை புதிதாக வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அவளை, "இவதான் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை" என்று அறிமுகம் செய்துவைப்பார். முதல் வருடம் திருத்தினாள். இரண்டாம் வருடம் சிரித்தாள். மூன்றாம் வருடம் ஒரு மூதாட்டி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டபோது, இஞ்சி போட்டுக் குளிக்கச் சொல்லிவிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு 2006 தை மாதம் வந்த இடைப் பெறுபேற்றில் உயிரியல் எழுத்துக்குப் பதினைந்தில் பதின்மூன்று. வாய்க்கு இரண்டு.

"ஃபிராவ் ஸ்ரனிஸ்லாஸ்" என்று கூப்பிட்டார் உயிரியல் ஆசிரியை ஹோல்ஷர். கணவனின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்ட அலுவலகத்தின் புண்ணியத்தால், யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் நிற்கிறாரோ என்று அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். "உங்களை எனக்குப் புரியவில்லை. எழுத்தில் இந்த வகுப்பிலேயே நீங்கள்தான் முதல். ஆனால் இரண்டு வருடமாக நீங்கள் ஒருமுறைகூடக் கை உயர்த்தியதில்லை."

"நீங்கள் கேட்டால் சொல்லுவேன்" என்றாள் எவ்லின், மேசையைப் பார்த்து.

"நான் கேட்கக் கூடாது. நீங்களாகச் சொல்ல வேண்டும். புள்ளி அதற்குத்தான்."

எழுத்துக்குப் பாதி, வாய்க்குப் பாதி என்பது அந்த ஊர் வழக்கம். வாய் என்றால் வகுப்பில் தானாகக் கை உயர்த்திப் பேசுவது, ஐயம் கேட்பது, ஆசிரியர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுப்பது. பல்கலைக்கழகத்தில் உயிரியலுக்கு இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். சராசரிப் புள்ளியை வைத்து மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். இந்த இரண்டு இப்படியே நின்றால் எண்ணிக்கை எவ்லினிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் என்ன செய்வது என்பதும் வீட்டில் பேசித் தீர்மானமாகியிருந்தது: முதியோர் பராமரிப்புப் பயிற்சி. இடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. நல்ல வேலை, உடனே சம்பளம், யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் பயமாக இருந்தது. குறை சொல்ல முடியாத ஒன்றுக்குள் போய்விட்டால் அப்புறம் வெளியே வருவதற்குக் காரணம் கிடைக்காது.

வாய் இல்லாதவள் அல்ல அவள். ரொறன்ரோவில் இருக்கும் தங்கையோடு பேசத் தொடங்கினால் ரெலிபோன் காட்தான் முதலில் களைக்கும். தமிழ்ப் பூசையில் பாட்டுக் கோஷ்டிக்கு யார் எங்கே நிற்பது என்று உத்தரவு போடுவது அவள்தான். ஆனால் ஹோல்ஷர் வகுப்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பதில் தெரியும், பதிலின் பின்பாதிகூடத் தெரியும், கை மட்டும் எழும்பாது. அவள் வளர்ந்த வருடங்களில் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் சீருடையில் இருந்தார்கள். சீருடையின் நிறம் காலத்துக்குக் காலம் மாறியதே தவிர, பதில் சொல்லும் முறை மாறவில்லை. கேட்டதற்கு மட்டும், ஒரு சொல்லில், கண்ணைத் தாழ்த்தி. அப்படிச் சொன்னவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். அவளை ஜேர்மனி வரைக்கும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்த அந்தப் பழக்கத்துக்கு ஜேர்மனி போட்ட புள்ளி இரண்டு.

அன்று பார்சல் கிடங்கில் வேலை முடிந்து வந்த ஸ்ரனிஸ்லாஸ் சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார்.

"என்னப்பா, கதைக்காட்டி மார்க் குறைக்கிறவையோ?"

"ஓம் எண்டுறன்."

"எங்கட பள்ளிக்கூடத்தில கதைச்சாத்தானே வாங்கில ஏத்தி விடுறவை. நான் பாதி வகுப்பு வாங்கிலதான் நிண்டனான்."

"இஞ்ச வந்திருந்தா நீங்கள் புரொபெசர்."

"நீர் வீட்டில கதைக்கிறதில கால்வாசியை அங்க கொண்டுபோய்க் கதைச்சாக் காணுமே."

"உங்களோட கதைக்கப் பயமில்லை. நீங்கள் கேக்கிறேல்லைத்தானே."

ஹோல்ஷர் வழியொன்று சொல்லியிருந்தார். பங்குனியில் வகுப்புக்கு முன்னால் நின்று கால் மணி நேரம் ஒரு விரிவுரை. அதை ரெஃபராத் என்பார்கள். நன்றாகச் செய்தால் வாய்ப் புள்ளியைத் தூக்கிவிடலாம். தலைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் முறைக்கு வந்தது, 'ஆபத்தில் அசைவற்றுப்போகும் விலங்குகள்'. ஹோல்ஷரிடம் கள்ளம் ஒன்றும் கிடையாது. வரிசையில் அடுத்தது அதுதான். அதற்கு முன்னாலிருந்தது தேனீ.

எவ்லின் செய்தது அவளுடைய ஊரில் உயர்தரம் படித்த எவரும் செய்திருக்கக்கூடியது. விரிவுரை முழுவதையும் ஜேர்மன் மொழியான டொச்சில் எழுதி, திருத்தி, மனனம் செய்தாள். அவர்களுடைய ரியூசன் கொட்டிலில் விலங்கியல் அப்படித்தான் ஏறியது. கேள்வி எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் பதில் முதல் வரியிலிருந்து புறப்படும். ஆனால் ஐம்பது டொச் வசனங்கள் ஒழுங்காக நிற்க மறுத்தன. முயல் வரவேண்டிய இடத்தில் ஓணான் வந்தது. அப்போதுதான் செபமாலை ஞாபகம் வந்தது. பத்துப் பத்தாக ஐந்து கூறு, மணிக்கு ஒரு வசனம். முதல் பத்து முன்னுரை, இரண்டாம் பத்து முயல், மூன்றாவது நரம்பு, நாலாவது இதயத் துடிப்பு, கடைசி முடிவுரை. விரல் நகர்ந்தால் வசனம் தானாக வரும்.

செய்யத் தொடங்கிய பிறகு அதுவும் ஒரு பயமாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து, மரியரட்ணம் அண்ணையை ஒதுக்குப்புறமாகக் கேட்டாள்.

"அண்ணை, செபமாலையில பாடம் பாடமாக்கினா பாவமோ?"

"என்ன பாடம் பிள்ளை?"

"முயலைப் பற்றி."

"அருள் நிறைந்த மரியே சொல்லுற மணியில முயலோ?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் ஓணானும் வருது."

"மாதா கோவிக்க மாட்டா" என்றார் கடைசியில். "டொக்டர் படிப்புக்குத்தானே. ஆனா நடுவில ஒருக்கா உண்மையான செபமும் சொல்லி விடும். மாலைக்குப் பழக்கம் விட்டுப் போகக் கூடாது."

சமையலறையில் அவள் சொல்ல, ஸ்ரனிஸ்லாஸ் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்த்தார். நீளமான சொற்கள் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் தவறினால் கண்டுபிடித்துவிடுவார். பார்சலில் முகவரி பார்க்கிறவரின் கண் அது. "ஒரு சொல் விட்டிட்டீர். இஞ்ச, இந்த ரயில் மாதிரி நீட்டுச் சொல்லை." இரண்டு வாரத்தில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நித்திரையில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவாள். முதலிலிருந்து என்றால்.

அந்தக் காலை வந்தது. பள்ளிக் கழிப்பறையில் பால்தேநீர் திரும்பி வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வகுப்பின் முன்னால் நின்றாள். வலக்கை ஜாக்கெட் பைக்குள், விரல் முதல் மணியில். இருபது முகங்கள். இருபது சோடிக் கண்கள் ஒரே பக்கம் பார்ப்பதை அவள் அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான் எதிர்கொண்டிருக்கிறாள். கலியாணத்தன்று, அப்போது தலைகுனிந்து நிற்க அனுமதி இருந்தது.

முதல் வசனம் வந்தது. இரண்டாவது வந்தது. குரல் யாருடையதோ போலிருந்தாலும் சொற்கள் வரிசையாக இறங்கின. விரல் மூன்றாவது மணிக்கு நகர்ந்தது.

"மன்னிக்கவும்" என்றான் மார்க்குஸ். கூரை வேய்கிற தொழிலில் முதுகை முறித்துக்கொண்டு படிக்க வந்தவன், நல்ல மனிதன், நினைத்ததை நினைத்த கணத்தில் கேட்கிறவன். "முயல் அப்படி அசையாமல் நிற்கும்போது, தான் நிற்பது அதற்குத் தெரியுமா?"

ஐம்பது வசனங்களில் அதற்குப் பதில் எங்காவது இருந்திருக்கலாம். எவ்லின் அதைத் தேடி மூன்றாவது மணியை விட்டாள். விட்டதும் மாலை பைக்குள் சுருண்டது. முதல் மணி எது, கடைசி மணி எது என்று விரலுக்குத் தெரியவில்லை. முதல் வசனத்துக்குத் திரும்பினால் எல்லாம் வந்துவிடும். முதல் வசனம் இல்லை. டொச் என்று ஒரு மொழியே இல்லை.

அவள் நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. இமை அசையவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஹீட்டருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ பேனா மூடியைத் திறந்து மூடினார்கள். மார்க்குஸின் சப்பாத்து நுனியில் தார் காய்ந்து கிடந்தது. காலை அசை என்று காலுக்குச் சொன்னாள். அது யாருக்கோ சொன்னதுபோல் நின்றது. இதயம் வேகமாக அடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அதுவோ கிணற்றடியில் தூங்குகிறவர்போல மெள்ள மெள்ள அடித்தது. அதுதான் எல்லாவற்றிலும் பயமாக இருந்தது.

வகுப்பு முதலில் காத்திருந்தது. பிறகு ஒரு பெண் புன்னகை செய்தாள். புன்னகை வரிசை வரிசையாகப் பரவியது. "அற்புதம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஹோல்ஷர்கூடக் கண்ணாடியைக் கழற்றி முன்னால் சாய்ந்தார். கடைசியில் அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அந்த நாட்டில் படித்தவர்கள் பாராட்டுவது அப்படித்தான். எவ்லினுக்கு அது இரவில் கதவு தட்டுகிற சத்தமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் மூச்சு உள்ளே போனது.

"மிகத் துணிச்சலான தொடக்கம், ஃபிராவ் ஸ்ரனிஸ்லாஸ்" என்றார் ஹோல்ஷர். "கேள்விக்கு உடலாலேயே பதில் சொன்னீர்கள். திட்டமிட்டுத்தானே செய்தீர்கள்?"

ஒரு சொல் போதும். கேட்டதற்கு மட்டும், ஒரு சொல்லில், கண்ணைத் தாழ்த்தி. வாழ்நாள் முழுக்கப் பழகிய வேலை. அவள் மறுத்ததற்குக் காரணம் நேர்மை என்று எழுதினால் நன்றாக இருக்கும். காரணம் பயம். ஆம் என்றால் அடுத்த கேள்வி வரும்: எப்படி யோசித்தீர்கள், எவ்வளவு பயிற்சி செய்தீர்கள், இன்னொருமுறை செய்து காட்டுங்கள். ஒரு பொய்க்கு இரண்டாவது வசனம் வேண்டும் என்பது காவலரண் வழியாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும். அவளிடம் இரண்டாவது வசனம் இல்லை.

"இல்லை" என்றாள். "பயந்துவிட்டேன். ஐம்பது வசனம் மனனம் செய்துகொண்டு வந்தேன். அவர் மூன்றாவதில் கேள்வி கேட்டார். இப்போது எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை."

புன்னகைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முகங்களிலேயே நின்றன. மார்க்குஸ் காது வரை சிவந்துபோனான். ஆனாலும் அவன் மார்க்குஸ்.

"அப்படியென்றால், உங்களுக்குத் தெரிந்ததா? நிற்பது?"

எவ்லின் அவனைப் பார்த்தாள். கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் அவளிடம்தான் இருந்தது, வேறு யாரிடமும் இல்லை.

"தெரிந்தது" என்றாள். "எல்லாம் கேட்டது. உங்கள் சப்பாத்தில் தார் இருக்கிறது. காலுக்குச் சொன்னேன், அது அசையவில்லை. முயலுக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. முயலைக் கேட்க முடியாது."

யாரோ சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு தாய், இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டாள். ஒருமுறை பஸ்ஸில் என்றாள் எவ்லின். எல்லோரையும் இறக்கினார்கள் என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நல்லவேளையாக யாரும் கேட்கவுமில்லை. பலகைப் பக்கம் திரும்பி ஒரு மூளையையும் ஒரு இதயத்தையும் வரைந்து, இரண்டுக்கும் இடையே ஒரு நரம்பை இழுத்தாள். இதயம் ஏன் ஓடாமல் மெள்ள அடித்தது என்பதை விளக்கத் தொடங்கினாள். டொச் இலக்கணம் வழி நெடுகிலும் விழுந்து கிடந்தது. ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு அஃறிணை. ஆனால் கேள்விகள் வந்தன, பதில்கள் போயின, மணி அடித்தபோது ஹோல்ஷர்தான் அவளை நிறுத்த வேண்டியிருந்தது.

"பதினொன்று" என்றார் ஹோல்ஷர், எல்லோரும் போன பிறகு. "அந்த மௌனம் திட்டமிட்டது என்று சொல்லியிருந்தால் பதின்மூன்று. திட்டமில்லாதது என்பதால் நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தாததற்கு இரண்டைக் குறைத்தேன். வருத்தமா?"

"இல்லை" என்றாள் எவ்லின். வருத்தமாகத்தான் இருந்தது.

ஸ்ரனிஸ்லாஸுக்கு இன்னும் வருத்தம். "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ரெண்டு கூட வந்திருக்குமே."

"பிறகு எப்பிடிச் செய்தனீர் எண்டு கேட்டா?"

"அதுக்கும் ஏதாவது சொல்லுறது."

"உங்களுக்கென்ன, நீங்கள் பார்சலோட கதைக்கிற ஆள்."

அதன் பிறகு அவள் வாய் திறந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. ஒரு வகுப்புக்கு ஒரு முறை என்று தனக்கு விதித்துக்கொண்டாள். அந்த ஒரு முறைக்காக வகுப்பு முழுவதும் வியர்த்தாள். கை உயர்த்தி முடித்தால் அன்றைய பயம் முடிந்தது. எனவே முடிந்தவரை முதல் நிமிடங்களிலேயே உயர்த்தினாள். அதை ஆர்வம் என்று ஹோல்ஷர் குறித்துக்கொண்டார். வாய்ப் புள்ளி ஒன்பதில் வந்து நின்றது. கோடையில் பள்ளி முடிந்தது. ஆவணியில் பல்கலைக்கழகம் இல்லை என்றது. வரிசையில் இன்னும் கொஞ்சம் மேலே நின்றிருக்க வேண்டும். இடம் எடுத்தவர்கள் யாராவது வராமல் போனால் புரட்டாதிக் கடைசியில் கூப்பிடுவார்களாம். முதியோர் பராமரிப்புப் பள்ளியோ வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டது. ஆம் என்றால் பயிற்சி ஐப்பசியில் தொடங்கும், உயிரியல் அத்தோடு முடியும். இல்லை என்றால் இரண்டும் கைவிட்டுப் போகலாம்.

பராமரிப்புப் பள்ளியிடம் தவணை கேட்டுத் தொலைபேசி எடுக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரோடு டொச். எவ்லின் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஸ்ரனிஸ்லாஸ் அதை இழுத்து மடித்துத் தன் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தாள் வேண்டாம். அவை மூண்டாவதில கேள்வி கேப்பினம்."

"எனக்கு ஏலாது. நெஞ்சு பதைக்குது."

"பதைக்கட்டும். மெல்ல அடிச்சாத்தான் பயம் எண்டு நீர்தானே சொன்னனீர்."

அவள் அழைத்தாள். முதல் நிமிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு மறுமுனைப் பெண், உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்று கேட்டாள். இந்த நாட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை; சொந்த நாட்டிலும்தான். "உயிரியல்" என்றாள் எவ்லின். "ஆனால் பயமாக இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் உங்களிடம் வருவேன். அதுவரை எனக்காக வைத்திருக்க முடியுமா?" இவ்வளவு அடக்கமில்லாத ஒரு வசனத்தை அவள் எந்த மொழியிலும் சொன்னதில்லை. மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். புரட்டாதிக் கடைசிவரை வைத்திருக்கிறேன் என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது.

புரட்டாதிக் கடைசிக்குச் சற்று முன்பு பல்கலைக்கழகம் கூப்பிட்டது. யாரோ ஒருவர் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டார். அவர் யாரென்று தெரியாமலே எவ்லின் அடுத்த தமிழ்ப் பூசையில் அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். மரியரட்ணம் அண்ணை, "டொக்டர் கம்பஸுக்குப் போறா" என்று அறிவித்தார்.

முதல் செய்முறை வகுப்பில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் நேற்றுத்தான் பள்ளிக்கூடம் முடித்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் வாய்க்குப் பாதிப் புள்ளி வாங்கி வளர்ந்தவர்கள். நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது, யாராவது சொல்லுங்கள் என்றான் உதவி ஆசிரியன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அவன் மறுபடியும் கேட்டான். அதே அமைதி. எவ்லினுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. இன்றைக்கான ஒன்றை இப்போதே முடித்துவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

"ஈஸ்ட் செல்" என்றாள். "வட்டமாக, ஓரம் தடிப்பாக."

அவன் வந்து அவளுடைய நுண்ணோக்கிக்குள் குனிந்து பார்த்தான்.

"காற்றுக் குமிழி" என்றான். "முதல் நாளில் எல்லோரும் அதைத்தான் காண்பார்கள். சொன்னதற்கு நன்றி."

பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை சத்தமில்லாமல் ரப்பரை எடுத்து, தன் தாளில் மிக அழகாக வரைந்து பெயரும் போட்டிருந்த ஈஸ்ட் செல்லை அழிக்கத் தொடங்கினாள்.